பாதையும் பாத்தியதையும்

ராஜா அண்ணாமலைபுரத்தில் மலை கிடையாது. பேட்டையின் பெயரில் அண்ணாமலை இருக்கிறதே என்று கேட்கலாம். அது அண்ணாமலைச் சர்வகலாசாலையை ஸ்தாபித்த ராஜா ஸர் அண்ணாமலைச் செட்டியாரின் பெயர். மேடு என்று சொல்லத் தக்கதாக இந்தப் பக்கத்தில் இருப்பது அடையாற்றின் மீதுள்ள திரு.வி.க. பாலம் ஒன்றுதான், அதையும் இயற்கை கொடுக்கவில்லை, இஞ்சினீயர்கள் கொடுத்தார்கள். அப்படியிருந்தும் ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு இந்தப் பேட்டையின் வீடுகளிலிருந்து வெளியே உருண்டு வரும் ஸைக்கிள்களில் பாதிக்கு மேல் மலை ஸைக்கிள்கள்! கல்லிலும் முள்ளிலும் ஏறக்கூடிய பருத்த டயர்கள், குலுக்கலைத் தாங்கும் வில் வைத்த முன்கவடு, செங்குத்தான சரிவில் ஏறுவதற்கென்றே அமைந்த பல்சக்கரங்கள், இவ்வளவும் சேர்ந்து திரு.வி.க. பாலத்தை வெற்றிகரமாக ஏறி இறங்கி, திருவான்மியூரை நோக்கிப் போகின்றன.

இதைச் சொல்வது பரிகாசத்துக்காக அல்ல. விடியற்காலையில் எழுந்து ஊருக்கு வெளியே போக வேண்டும், மண்ணையும் மரத்தையும் பார்க்க வேண்டும் என்ற ஆசை நல்ல ஆசை. வாரம் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்த உடம்புக்கு அதைவிடச் சிறந்த மருந்து வேறில்லை. ஆனால் அந்த ஆசை எங்கே போய்ச் சேருகிறது? கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய்ச் சேருகிறது. கடலைப் பார்க்கப் போகும் மோட்டார்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு பறக்கும் அதே தார்ச் சாலையில், ஓரத்து வெள்ளைக் கோட்டை உயிர்க் கோடாக எண்ணிக்கொண்டு நமது ஸைக்கிள்காரர்கள் போய்த் திரும்புகிறார்கள். மண் பாதைக்கென்று பிறந்த டயர் தார் ரோட்டில் ஓலமிடுகிறது. ஏன் இப்படி? நம் நாட்டில் மண் பாதை இல்லையா? இருக்கிறது. வேண்டிய மட்டும் இருக்கிறது. அதில் நமக்குள்ள பாத்தியதைதான் நமக்கு மறந்து போயிருக்கிறது. இந்த வாரம் நாம் எழுத எடுத்துக்கொண்ட விஷயம் இதுவே.

மலை ஸைக்கிள் பிறந்த கதை சின்னதுதான். 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில், டமல்பயஸ் என்ற மலையின் அடிவாரத்தில் வசித்த சில வாலிபர்கள் பழைய கனத்த ஸைக்கிள்களைச் சல்லிசாக வாங்கி, மலை மேல் ஏற்றிக் கொண்டுபோய், மண் பாதையில் தலைதெறிக்க இறங்கினார்கள். 1976-இல் அதை ஒரு பந்தயமாகவே நடத்தத் தொடங்கினார்கள். அந்த விளையாட்டிலிருந்து புதிய ஸைக்கிள் ஒன்று உருவாகி, சில வருஷங்களுக்குள் உலகமெங்கும் பரவியது. ஆனால் அந்த ஸைக்கிளுக்கு அமைதியான நல்ல வாழ்வு கிடைத்த இடங்களுள் முக்கியமானது இங்கிலாந்தின் தென் பகுதி என்று சொல்லலாம். அங்கேயும் இமயமலை ஒன்றும் இல்லை. பாயை உதறிவிட்டால் எழும்பும் அலைகளைப் போல ஏறியும் தாழ்ந்தும் போகும் பசும்புல் மேடுகள். மேடுகளுக்கு நடுவே பள்ளத்தாக்குகளில் ஒளிந்து கொண்டிருக்கும் பழைய கிராமங்கள். அவ்வளவுதான்.

அந்த வழிகளுள் பெயர் பெற்ற ஒன்று வின்செஸ்டர் என்ற பழைய தலைநகரில் தொடங்கி, ஈஸ்ட்போர்ன் என்ற கடற்கரைப் பட்டினத்தில் முடிகிறது. 1972-இல் திறக்கப்பட்டுப் பின்னர் வின்செஸ்டர் வரையில் நீட்டப்பட்ட இந்தப் பாதையின் நீளம் 160 கிலோமீட்டர். சுண்ணாம்புக் கல் மேடுகளின் முதுகின் மேலாகவே போவதால், மழைக்காலம் தவிர மற்ற நாட்களில் பாதை வெள்ளை வெளேரென்று புல்லுக்கு நடுவே ஓடுவதைத் தூரத்திலிருந்தே பார்க்கலாம். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வயலும் காடும். பாதை மேட்டிலிருந்து இறங்கும் இடங்களில் ஆல்ஃபிரிஸ்டன் போன்ற கிராமங்கள் வரும். அந்தக் கிராமத்தில் பாதிரியார் வசித்த பழைய கூரை வீடு ஒன்று இருக்கிறது. பதினாலாம் நூற்றாண்டில் கட்டியது. இடிந்து விழ இருந்த அந்த வீட்டை 1896-ஆம் ஆண்டில் தேசியப் பொறுப்பு நிறுவனம் பத்துப் பவுன் கொடுத்து வாங்கிக் காப்பாற்றியது. அந்த ஸ்தாபனம் முதன்முதலாக வாங்கிய கட்டடம் அதுதான். இன்று மலை ஸைக்கிளில் வருகிறவர்கள் அந்த வீட்டைப் பார்த்து, தேநீர் குடித்து, அடுத்த மேட்டில் ஏறுகிறார்கள்.

இதையெல்லாம் படிக்கும் நேயர்கள், "பாக்கியசாலிகள்! அழகான தேசம்!" என்று பெருமூச்சு விடலாம். பெருமூச்சு விடவேண்டிய இடம் அதுவல்ல. அழகு நம்மிடமும் இருக்கிறது. அவர்களிடம் இருந்து நம்மிடம் இல்லாதது வேறொன்று. அந்தப் பாதையின் இரு புறத்து நிலமும் பெரும்பாலும் தனி மனிதர்களுக்குச் சொந்தம். பாதை போகும் மண்ணும் அநேக இடங்களில் அவர்களுக்கே சொந்தம். ஆனால் அந்த மண்ணின் மேல் நடந்து போகவும், குதிரையில் போகவும், ஸைக்கிளில் போகவும் ஊராருக்குப் பாத்தியதை உண்டு. நிலத்தின் சொந்தக்காரர் பிரபுவாக இருந்தாலும் அதை அடைக்க முடியாது. ஒரு காலத்தில் ஊர்ப் பாதையாக இருந்தது எக்காலத்திலும் ஊர்ப் பாதையே என்பது அவர்களுடைய பழைய சட்டக் கொள்கை.

அந்தப் பாத்தியதையும் சும்மா வந்துவிடவில்லை. 1932-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 24-ஆம் தேதி, மான்செஸ்டர் பக்கத்து ஆலைத் தொழிலாளரும் வாலிபர்களும் நூற்றுக்கணக்கில் திரண்டு, பிரபுக்கள் வேட்டைக்காக அடைத்து வைத்திருந்த கிண்டர் ஸ்கௌட் என்ற மேட்டு நிலத்தில் அத்துமீறி ஏறினார்கள். ஐந்து பேர் சிறை சென்றார்கள். அதே 1932-இல் நம் நாட்டுச் சிறைகள் சட்டமறுப்புச் செய்தவர்களால் நிரம்பி வழிந்தன என்பதை நினைத்துப் பார்த்தால் சுவாரஸ்யமாக இருக்கிறது. அங்கே கேட்டது நடப்பதற்கு ஒரு மேடு. இங்கே கேட்டது ஒரு தேசம். எதிராளி மட்டும் ஏறக்குறைய ஒரே வர்க்கம்தான்! பிறகு 1949-இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு ஜில்லா சபையும் தன் எல்லைக்குள் உள்ள ஊர்ப் பாதைகள் அனைத்தையும் கணக்கெடுத்து, முடிவான வரைபடமாக எழுதி வைக்க வேண்டும் என்று அது விதித்தது. 1968-இல் இன்னொரு சட்டம், குதிரைப் பாதைகளில் ஸைக்கிளும் போகலாம் என்றது. நடப்பவருக்கும் குதிரைக்காரருக்கும் ஸைக்கிள்காரர் வழிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. மலை ஸைக்கிள் பிறப்பதற்கு முன்பே அதற்குப் பாதை தயாராகிவிட்டது!

இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்படிப் பதிவான ஊர்ப் பாதைகளின் மொத்த நீளம் ஏறக்குறைய 2,25,000 கிலோமீட்டர். பாதை பிரியும் இடத்தில் ஒரு மரக் கம்பம். கம்பத்தில் ஓர் அம்புக்குறி. மஞ்சள் அம்பானால் நடப்பவருக்கு மட்டும். நீல அம்பானால் குதிரைக்கும் ஸைக்கிளுக்கும் சேர்த்து. நடுவே ஆட்டுக் கிடையோ மாட்டுப் பட்டியோ வந்தால் வேலிக் கதவு இருக்கும். திறந்தவர் மூடிவிட்டுப் போக வேண்டும். இதைச் செய்ய அங்கே கோடி கோடியாய்ப் பணம் கொட்டவில்லை. வரைபடமும் கம்பமும் போதுமானதாயிருந்தன.

இன்னும் ஓர் உதாரணம் சொல்ல வேண்டும். ஏனென்றால் அது நமது வாசலிலேயே வந்து முட்டுகிறது. ஸைக்கிள்காரர்கள் விரும்பிப் போகும் மற்றொரு வகை வழி, பழைய கால்வாய்களின் கரை. கென்னட் - ஏவன் என்று ஒரு கால்வாய், பாத் நகரத்தின் வழியாகச் செல்லுகிறது. 1810-இல் வெட்டி முடித்தது. ரயில் வந்தபின் நாளடைவில் தளர்ந்து, 1950களில் பாழடைந்து, படகுப் போக்குவரத்து நின்றுபோயிற்று. மூடிவிடலாம் என்று எண்ணியவர்களும் உண்டு. ஆனால் ஊர்க்காரர்கள் கூடித் தொண்டர்களாகச் சேறு அள்ளினார்கள். பல வருஷ உழைப்புக்குப்பின் 1990-இல் கால்வாய் மறுபடியும் திறக்கப்பட்டது. ஒரு காலத்தில் குதிரைகள் கயிறு கட்டிப் படகை இழுத்துக்கொண்டு நடந்த கரையில் இன்று குழந்தைகள் ஸைக்கிள் விடுகிறார்கள்.

நமக்கும் ஒரு கால்வாய் உண்டு. மந்தைவெளிக்கும் ராஜா அண்ணாமலைபுரத்துக்கும் பக்கத்தில்தான் ஓடுகிறது. "ஓடுகிறது" என்பது மரியாதைக்காகச் சொல்லுவது. 1806-இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரைக்கும் முதற்பகுதி வெட்டப்பட்டது; பிறகு வடக்கே ஆந்திர நாட்டுக்குள்ளும், தெற்கே மரக்காணம் வரையிலும் படிப்படியாக நீண்டு, மொத்தம் 400 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீர்வழியாயிற்று. இதில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் எட்டுக் கிலோமீட்டர்த் துண்டு, தாது வருஷப் பஞ்சத்தில், 1877-78-இல், கஞ்சிக்கு வழியில்லாத ஜனங்களைக் கொண்டு வெட்டப்பட்டது. அந்தத் துண்டுதான் மயிலாப்பூர் வழியாக நம் பக்கம் வருவது. 1878-இல் கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். வெட்டினவர்களின் பெயர் எதற்கும் சூட்டப்படவில்லை.

அந்தக் கால்வாயில் அரிசியும் உப்பும் விறகும் வந்தன. ஆட்கள் தோளில் கயிறு பூட்டிக் கரையோடு நடந்து படகை இழுத்தார்கள். பாரதிதாசன் நண்பர்களோடு இந்தக் கால்வாயில் தோணியேறி மகாபலிபுரம் போன அநுபவத்தை "மாவலிபுரச் செலவு" என்று பாட்டாகவே எழுதியிருக்கிறார். ஆகவே, சென்னையிலிருந்து மாமல்லபுரம் வரைக்கும் மோட்டார் தொந்தரவில்லாத ஒரு கரைப்பாதை நமக்கு ஒரு காலத்தில் இருந்தது! புயல்கள் கால்வாயை உடைத்தன. லாரிகள் அதன் சரக்கைப் பறித்தன. நகரம் தன் சாக்கடையை அதில் திறந்துவிட்டது. பிறகு பறக்கும் ரயிலுக்குத் தூண்கள் நட இடம் தேடியபோது, கால்வாய்தான் கண்ணில் பட்டது. 1997-இல் மயிலாப்பூர் வரைக்கும், 2007-இல் வேளச்சேரி வரைக்கும் அந்த ரயில் வந்தது. ரயில் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான பேர் அதில் போய் வருகிறார்கள். ஆனால் கரையில் நடப்பதற்கு ஜனங்களுக்குப் பாத்தியதை உண்டு என்று ஒரே ஒரு வரைபடத்தில் பதிவாகி, அதைக் கேட்பதற்கு நூறு பேர் இருந்திருந்தால், தூணுக்குப் பக்கத்தில் ஒரு பாதையும் பிழைத்திருக்குமல்லவா?

போனது போகட்டும். இருப்பதைப் பார்ப்போம். நகரத்தை விட்டு வெளியேறினால் செங்கல்பட்டுச் சீமையும் காஞ்சிச் சீமையும் விரிந்து கிடக்கின்றன. அங்கே போவதற்கு இரண்டு வழிகளை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

முதல் வழி பழக்கமானதுதான். ஆனால் பழக்கமில்லாத விதமாகப் போக வேண்டும். திருவான்மியூரில், தேவாரம் பெற்ற மருந்தீசர் சந்நிதியைத் தாண்டிக் கடற்கரைச் சாலையில் திரும்பினால், மாமல்லபுரம் வரைக்கும் நம் பேட்டையிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர். பந்தயக்காரர்கள் இதை ஒரே மூச்சில் போவார்கள். பார்க்க ஆசையுள்ளவர்கள் நாலு இடத்திலாவது சாலையை விட்டு இறங்க வேண்டும். ஈஞ்சம்பாக்கத்தில் 1966-இல் கே. ஸி. எஸ். பணிக்கர் சித்திரக்காரர்களுக்கென்று ஏற்படுத்திய சோழமண்டலம் கிராமம் இருக்கிறது. முட்டுக்காட்டுக் கழியைக் கடந்து கோவளத்துக்குள் இறங்கினால், தமீம் அன்சாரி தர்கா, மாதா கோவில், மீன் வலை காயும் தெருக்கள் எல்லாம் ஒரே கிராமத்தில். இங்கே ஒரு கோட்டை இருந்தது. 1752-இல் கிளைவ் அதைப் பிடித்தான். அடுத்தது திருவிடந்தை. நித்திய கல்யாணப் பெருமாள் தினந்தோறும் மணக்கோலத்தில் நிற்கும் திவ்ய தேசம். பிறகு சாளுவன்குப்பத்தில் யாளித் தலைகள் வரிசையாக விழிக்கும் புலிக்குகை. அதற்குப் பக்கத்தில், 2004-ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பிறகு மணல் விலகி வெளிப்பட்ட பழைய முருகன் கோவில். நாலு இடமும் பார்த்து மாமல்லபுரம் சேர்ந்தவர்கள், உடம்பில் தெம்பிருந்தால் கடலை விட்டு மேற்கே திரும்பித் திருக்கழுக்குன்றம் போகலாம். ஐந்நூறு படிக்கு மேல் ஏறவேண்டிய அந்தக் குன்றில் உச்சி வேளையில் கழுகுகள் வந்து அமுது கொண்டதைப் பாட்டனார்கள் பார்த்தார்கள். இப்போது அவை வருவதில்லை. குன்று மட்டும் காத்திருக்கிறது.

இரண்டாவது வழிதான் மலை ஸைக்கிளுக்கு ஏற்றது. செங்கல்பட்டுக்கும் மதுராந்தகத்துக்கும் இடையிலே படாளம் என்ற ஊர் வரைக்கும் ஸைக்கிளை எப்படியாவது கொண்டு போய்விட்டு, அங்கிருந்து மேற்கே திரும்ப வேண்டும். நெடுஞ்சாலையின் இரைச்சல் கொஞ்ச தூரத்திலேயே அடங்கிவிடும். அதற்குப் பிறகு ஏரி நாடு. வெள்ளைக்காரர்களுக்குச் சுண்ணாம்பு மேடுகள் எப்படியோ, அப்படி நமக்கு ஏரிக்கரை. இந்தக் கரையை இயற்கை கட்டவில்லை, ஊர் கட்டியது. மேட்டு நிலத்து மழைநீர் சரிந்து வரும் திசையில் மண்ணைக் குவித்துப் பிறை வடிவமாகக் கரை போட்டு, பாய்ச்சலுக்கு மதகு வைத்து, மிகுந்த நீர் வழிவதற்குக் கலங்கல் கட்டி, மண் அரிக்காதிருக்கப் பனை நட்டார்கள். ஒரு ஏரியின் கலங்கலில் வழிந்த நீர் கீழே அடுத்த ஏரிக்குப் போகும். கரை மேல் ஏறி நின்றால் ஒரு பக்கம் ஆகாயத்தைத் தாங்கிய நீர். மறு பக்கம், காலுக்குக் கீழே, பச்சை நெல். நடுவே ஒரு வண்டி அகலத்துக்கு மண் பாதை. இதைவிட மேலான ஸைக்கிள் பாதையை எந்தத் தேசத்து இஞ்சினீயர் போடப் போகிறார்?

அந்த வழியில் முதலில் வருவது வேடந்தாங்கல். கார்த்திகை முதல் மாசி வரைக்கும் ஏரி மரங்களில் இலை தெரியாதபடி பறவைகள். பறவைகளின் எச்சம் விழுந்த நீர் வயலுக்கு உரம் என்று அறிந்த கிராமத்தார், இருநூறு வருஷங்களுக்கு முன்பே அவற்றைச் சுடக் கூடாது என்று செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் உத்தரவு வாங்கினார்கள் என்பது வரலாறு. பத்துக் கிலோமீட்டர் சுற்றளவுக்குள் கரிக்கிலி என்ற இன்னொரு பறவை ஏரி. இரண்டுக்கும் 2022-இல் ராம்சார் என்ற சர்வதேச அந்தஸ்துக் கிடைத்தது. கிழக்கே மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர். பெருமழையில் கரை உடையும் என்று அஞ்சிய இரவில், வில்லும் கையுமாக இருவர் கரையைக் காத்து நின்றதைக் கண்டதாகச் சொல்லப்படும் கலெக்டரும் அதே லயனல் பிளேஸ்தான். ஏரியைக் காக்கிறவர் யாராயிருந்தாலும் அவரைத் தெய்வமாக எண்ணிய நாடு இது.

வேடந்தாங்கலிலிருந்து மேற்கே இன்னும் போனால் உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில் முதற் பராந்தகன் காலத்து, 919-ஆம், 921-ஆம் ஆண்டுகளின் சாசனங்கள் இருக்கின்றன. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்து வாரியங்களுக்கு ஆள் தேர்ந்த முறை அதில் எழுதப்பட்டிருப்பதை எல்லாரும் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பார்கள். ஆனால் அந்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம் என்பதையும், பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி அந்தக் குடத்துப் பக்கமே வரமுடியாது என்பதையும் அத்தனை பேர் நினைவில் வைத்திருப்பதில்லை. அந்த ஊர் ஏரிக்கு வைரமேக தடாகம் என்று பெயர். பல்லவர் காலத்துப் பெயர். கல்லில் சட்டம் எழுதிய ஊரின் ஏரிக்கரையில் ஸைக்கிளை நிறுத்தி வைத்து, பனை நிழலில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிடும் பாக்கியத்தை ஆல்ஃபிரிஸ்டன் கொடுக்க முடியாது.

இவ்வளவு இருந்தும் இந்த வழிகளுக்கு ஒரு கம்பம் இல்லை. ஓர் அம்புக்குறி இல்லை. ஏரிக்கரையிலிருந்து இறங்கும் மண் பாதை அடுத்த ஊருக்குப் போகிறதா, அல்லது ஒரு மனைப் பிரிவின் இரும்புக் கதவில் முடிகிறதா என்பது போய்ப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் சர்க்கார் தஸ்தாவேஜில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது! வெள்ளைக்காரன் வரி வாங்குவதற்காக நம் நாட்டை அங்குலம் அங்குலமாக அளந்தான். அந்த நில அளவையின் வழியாக வந்த கிராம வரைபடமும் 'அ' பதிவேடும் இன்றும் வழக்கில் உள்ளன. சர்வே எண் சர்வே எண்ணாகப் பார்த்துக்கொண்டே போனால், நஞ்சை, புஞ்சை, ஏரிப் புறம்போக்கு, களப் புறம்போக்கு என்று வரும் வரிசையில், "வண்டிப்பாதை" என்று ஒரு வார்த்தை வரும். அதுதான் நாம் தேடும் வார்த்தை. அது யாருடைய பட்டாவும் அல்ல, ஊருக்குச் சொந்தம். இங்கிலாந்திலே பிரபுவின் நிலத்தின் மேல் நடக்கும் உரிமைக்காகச் சிறை செல்ல வேண்டியிருந்தது. இங்கே நிலமே நமது. அதைக் காப்பாற்ற 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் இருக்கிறது. ஏரிகளைக் காப்பாற்ற 2007-ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. இல்லாதது, அந்தப் பாதையில் போகிறவர்கள்தான். போகிறவர் இல்லாத பாதையை முதலில் சீமைக் கருவேலம் பிடிக்கிறது. பிறகு அதை வெட்டிச் சுத்தம் செய்தவர் பிடிக்கிறார்.

இந்த இடத்தில் கிராமத்தார் ஒரு கேள்வி கேட்பார்கள், கேட்பது நியாயம். "பட்டணத்துக்காரர் இன்றைக்கு ஸைக்கிளில் வருவார், நாளைக்கு மோட்டாரில் வருவார், மறுநாள் நிலத் தரகரோடு வருவார். எங்கள் பாதைக்குப் பெயர் கிடைத்தால் எங்கள் நிலத்துக்கு விலை வரும், விலை வந்தால் விவசாயம் போகும்" என்பார்கள். கடற்கரைச் சாலையின் இருபுறத்தையும் பார்த்தவர்கள் இதை மறுக்க முடியாது. ஆகவேதான், இந்தப் பாதைகளுக்குத் தார் போடும்படி நாம் கேட்கவில்லை. விளக்குக் கம்பமும் விடுதியும் கேட்கவில்லை. மண் பாதை மண் பாதையாகவே இருக்கட்டும். மாட்டு வண்டியும் டிராக்டரும் போவதற்குச் சௌகரியமாக இருந்தால் மலை ஸைக்கிளுக்கும் சௌகரியமே. "இது ஊர் வண்டிப்பாதை, சர்வே எண் இன்னது" என்று ஒரு கல் நட்டுவிட்டால், அந்தக் கல் ஸைக்கிள்காரருக்கு வழி காட்டுவதைவிட, ஆக்கிரமிப்பவருக்கு எச்சரிக்கையாக அதிகம் பயன்படும்.

அன்றியும், ஞாயிற்றுக்கிழமை உல்லாசப் பிரயாணிகளுக்காக மட்டும் இந்தப் பாதைகளைப் பற்றி எழுதுவதானால் நாம் இத்தனை காகிதம் செலவிட்டிருக்க மாட்டோம். தமிழ்நாட்டிலே பதினோராம் வகுப்புப் படிக்கும் மாணவ மாணவியருக்குச் சர்க்கார் இலவசமாக ஸைக்கிள் வழங்கி வருகிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை ஜில்லாவில், கலெக்டர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தோடு நடந்த அறிவொளி இயக்கத்தில், கிராமத்துப் பெண்கள் எழுத்தோடு ஸைக்கிளும் கற்றார்கள். புருஷர்களின் பரிகாசத்தைப் பொருட்படுத்தாமல் பல்லாயிரம் பெண்கள் பெடலை மிதித்தார்கள். அப்படிக் கிடைத்த ஸைக்கிளில் ஒரு பெண் பள்ளிக்கூடம் போகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏரிக்கரை வழியாக மூன்று கிலோமீட்டர். அந்த வழி முள்ளடைந்தோ வேலியடைந்தோ போனால், கல் ஏற்றிய லாரிகள் ஓடும் பெரிய சாலை வழியாக ஆறு கிலோமீட்டர். அவள் தகப்பனார் என்ன சொல்வார்? படித்தது போதும் என்று சொன்னாலும் சொல்வார். ஒரு வண்டிப்பாதை மறைந்தால் ஒரு பெண்ணின் படிப்பும் அதோடு மறையக்கூடும். மலை ஸைக்கிள்காரர் வாரத்துக்கு ஒரு நாள் போய் அந்தப் பாதையை உபயோகத்தில் வைத்திருந்தால், மற்ற ஆறு நாளும் அது அவளுக்கு உதவும்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரிக்கரை மேல் ஸைக்கிள் விடாதீர்கள். ஊறிய கரையில் டயர் விழுத்தும் பள்ளம், நீருக்கு வழியாகும். தையிலும் மாசியிலும் போவது உத்தமம். ஆனால் பாதையில் நெல்லோ உளுந்தோ காய்ந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். மாட்டுக்கும் நடப்பவருக்கும் வழி விடுங்கள். அங்கே மரக்கதவு, இங்கே படலும் கயிறும், திறந்ததை மூடுங்கள். கருவேல முள் எந்த உயர்ந்த டயரையும் மதிக்காது. ஆகையால் மாற்று டியூபும் காற்றடிக்கும் பம்பும் இரண்டிரண்டாக இருக்கட்டும். கொண்டுபோன பொட்டலக் காகிதமும் பாட்டிலும் கொண்டு வந்த பைக்கே திரும்பட்டும். கிராமத்து டீக்கடையில் உட்கார்ந்து, இந்தப் பாதை எங்கே போகிறது என்று ஒரு பெரியவரைக் கேளுங்கள். வரைபடத்தில் இல்லாத பாதி சரித்திரம் அவரிடம் இருக்கும்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் குடியிருக்கும் குடும்பங்களுள் பெரும்பாலானவற்றுக்கு எங்கேயோ ஒரு சொந்த ஊர் உண்டு. பொங்கலுக்கோ குலதெய்வத்துக்கோ வருஷத்துக்கு ஒரு தடவை போய் வருவார்கள். அடுத்த தடவை போகும்போது ஸைக்கிளையும் கொண்டு போங்கள். போவதற்கு முன்னால், ஊரின் 'அ' பதிவேட்டை வாங்கிப் பாருங்கள். தாலூகா ஆபீஸில் கேட்கலாம், சர்வே எண் தெரிந்தால் இணையத்தின் வழியாகவும் பார்க்கலாம். "வண்டிப்பாதை" என்று எழுதியிருக்கும் வரிகளைக் குறித்துக்கொண்டு, அதன்படி ஸைக்கிளை விட்டுப் பாருங்கள். பாதை திறந்திருந்தால் சந்தோஷமாகப் போய் வாருங்கள். அடைபட்டிருந்தால், குடியரசு தினத்திலும் மே தினத்திலும் சுதந்திர தினத்திலும் காந்தி ஜயந்தியிலும் கூடும் கிராம சபையில், ஊர்க்காரர் ஒருவரைக் கொண்டு, இந்தப் பாதை எங்கே போயிற்று என்று ஒரு கேள்வி கேட்கச் செய்யுங்கள். பதில் சொல்லாமல் தப்ப முடியாதபடி, அந்த வார்த்தை சர்க்காரின் சொந்தப் பதிவேட்டில் சர்க்காரின் சொந்தக் கையெழுத்திலேயே இருக்கிறது.